ஆமென் சொல்லி அணைத்த விளக்கு

ஞானசீலன் சாருடைய மோட்டார் சைக்கிளுக்கு இண்டிகேட்டர் விளக்கு வைத்துக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட, செய்தவனே சொல்லிவிடுவது மேல். என் பேர் தனகோடி. ஆம்பூரில் பெங்களூர் ரோட்டு ஓரம் தகரக் கொட்டகை போட்டு இருபத்திரண்டு வருஷமாக வண்டி ரிப்பேர் செய்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை என்பது போகப்போக உங்களுக்கே தெரியும்.

சார் என்றதும் வாத்தியார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தோல் தரம் பிரிக்கிறவர். பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, இடது கைக் கட்டைவிரலால் கழுத்திலிருந்து வால் பக்கம் வரைக்கும் ஒரு தடவு தடவுவார். 'இது முதல் தரம், இது மூணாம் தரம், இந்த மாட்டுக்கு முதுகுல உண்ணி இருந்துருக்கு' என்று சொல்லிக்கொண்டே போவார். எந்த முதலாளியும் எதிர்த்துப் பேசமாட்டார். பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எல்லாத் தொழிற்சாலைக்கும் அவர் போயாக வேண்டும். அதற்காக மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய பி.எஸ்.ஏ. வண்டி ஒன்றை வைத்திருந்தார். தோல் நாற்றத்திலேயே நாளெல்லாம் நிற்கிற மனிதர், சட்டை மட்டும் சலவைக்குப் போட்டதுபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். 'உங்களுக்கு மட்டும் எப்படி சார் கறை ஒட்ட மாட்டேங்குது?' என்று கேட்டால், 'நான் விரலாலதானேப்பா வேலை செய்யறேன், சட்டையாலயா?' என்பார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் தோல் அடுக்கு ஒன்று சரிந்து அவருடைய வலது தோளில் விழுந்தது. கட்டுப் போட்டவர் அவசரத்தில் போட்டாரோ என்னமோ, எலும்பு கூடிய விதம் சரியில்லை. அந்தக் கை முன்னால் வரும், ஆக்ஸிலேட்டரைத் திருகும், பிரேக் பிடிக்கும். பக்கவாட்டில் மட்டும் நீட்ட வராது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் வலது கையை நீட்டினால் வலது பக்கம் திரும்பப் போகிறான், வட்டமாகச் சுற்றினால் இடது பக்கம். கையை நீட்ட முடியாதவன் ரோட்டில் என்ன செய்வான்?

அவருக்குச் சம்சாரம் இருந்தது. தேவகிருபை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே அந்த அம்மாளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். சார் ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருக்கிற சிஸ்டர் கையை நீட்டுவார். லேசாக ஒரு நீட்டல் இல்லை. கைக்கடிகாரமும் வளையலும் தெரிய, தோளிலிருந்து விரல் நுனிவரை விறைப்பாக ஒரு நீட்டல். பஜார் முனையில் நிற்கிற போலீஸ்காரர், 'சார் ஓட்டறாரு, சிஸ்டர் திருப்பறாங்க' என்று சிரிப்பார். வேலை நாட்களில் சார் தனியாகப் போகும்போது திருப்பத்துக்குத் திருப்பம் வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்து, ஆள் அரவம் இல்லாதபோது திருப்புவார். பத்து மைல் போக ஒரு மணி நேரம் ஆகும். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. சுகிர்தம் என்று பேர் வைத்தார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிஸ்டர் எப்படிக் கையை நீட்டுவார்? அப்போதுதான் சார் என்னிடம் வந்தார்.

"தனகோடி, காருக்கு இருக்குதே, மின்னற லைட்டு, அத நம்ம வண்டிக்கு வெச்சுத் தர முடியுமா?"

மோட்டார் சைக்கிளில் அந்த விளக்கை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இங்கே ஓடுகிற வண்டிகளில் இன்றைக்கும் பார்க்க முடியாது. எனக்கோ புது வேலை என்றால் பைத்தியம். உடைக்க வந்த கார் ஒன்றிலிருந்து விளக்குகளைக் கழற்றினேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கைப்பிடியின் இடது பக்கம், சாருடைய கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்சு. வலது பக்கம் தள்ளினால் வலது விளக்கு மின்னும், இடது பக்கம் தள்ளினால் இடது விளக்கு. நடுவில் நின்றால் அணைந்துவிடும். விளக்குகளைத் தாழ்வாக வைத்தேன். எதிரே வருகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் பளிச்சென்று தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் குனிந்தால் தெரியும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

காரில் ஸ்டியரிங் நேரானதும் சுவிட்சு தானாக விழுந்துவிடும். மோட்டார் சைக்கிளில் விழாது. நாமே ஞாபகமாகத் தள்ள வேண்டும். முதல் வாரம் சார் வாணியம்பாடி வரைக்கும் இடது விளக்கை மின்னவிட்டுக்கொண்டே போயிருக்கிறார். வழியெல்லாம் ஜனங்கள் 'லைட்டு, லைட்டு' என்று கத்தியிருக்கிறார்கள். அவர் புது விளக்கைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து எல்லாருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போயிருக்கிறார். அதை அவரே வந்து சொன்னபோது நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.

அடுத்த வாரம் வந்தவர், "இப்ப மறக்கறதில்லப்பா, ஒரு வழி கண்டுபுடிச்சிட்டேன்" என்றார்.

"இன்னா வழி சார்?"

"எங்க ஊட்ல ஜெபம் பண்ணி ஆமென் சொல்லாம சோத்துல கை வைக்க மாட்டோம். சின்ன வயசுலேர்ந்து பழக்கம். எது மறந்தாலும் அது மறக்காது. அதனால திரும்பறதுக்கு முன்னால 'கர்த்தாவே காத்தருளும்'னுட்டு சுவிட்ச போடறேன். திரும்பி நேரானதும் 'ஆமென்'னுட்டு அணைக்கறேன்."

"கோயில்ல சொல்றதவிட ரோட்டுல ஜாஸ்தி சொல்லுவீங்க போல."

"அதுல இன்னாப்பா தப்பு?" என்று அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்துக் கேட்டார்.

அப்படித்தான் அது ஊருக்கே பழகிப்போனது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோயிலுக்குப் போவார்கள். சாருக்கும் சிஸ்டருக்கும் நடுவில் குழந்தை. என் கொட்டகைக்கு எதிரேதான் கோயில் தெரு பிரிகிறது. வண்டி திரும்பும். சார் 'ஆமென்' என்பார். அவர் மறந்தால் சிஸ்டர் அவருடைய முதுகில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, 'ஆமென்' என்பார். குழந்தைக்குப் பேச்சு வந்ததும் அதுவும் சேர்ந்துகொண்டது. அம்மா, அப்பாவுக்கு முன்னால் அது படித்த சொல் அதுதான். முழுதாக வராது. 'மேன்!' என்று கத்தும். வண்டி சாய்ந்து நிமிர்ந்தால் போதும், சாருடைய முதுகில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, 'மேன்! மேன்!' சார் வேண்டுமென்றே அணைக்காமல் கொஞ்ச தூரம் போவார், குழந்தை இன்னும் இரண்டு தடவை கத்தட்டும் என்று. எனக்கு எங்கள் சாமியைத் தவிர வேறு சாமி தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் டீ குடிக்கப் போகமாட்டேன்.

அந்த நாட்களில் ஒரு தடவை சார் கேட்டார். "தனகோடி, லைட்டு எரியுதா இல்லையான்னு எனக்குத் தெரியற மாதிரி மேல ஒரு சின்ன பல்பு வெச்சுத் தர்றியா?"

அரைமணி நேர வேலை. அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. "பின்னால ரெண்டு பேரு உக்காந்து ஆமென் சொல்றாங்க, பல்பு வேற எதுக்கு சார் உங்களுக்கு?" என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த அரைமணி நேரத்தை நினைத்து நான் என் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

அறுபத்தோராம் வருஷம் ஜூன் மாதம் சுகிர்தத்துக்குத் தொண்டையில் நோய் கண்டது. மூன்றே நாள். எத்தனையோ பேர் பிள்ளைகளைப் பிழைக்க வைத்த சிஸ்டரால் தன் பிள்ளைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒன்றரை வயசு. சிஸ்டருடைய சொந்த ஊர் பள்ளிகொண்டா பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் குடும்பத்துக் கல்லறை எல்லாம் அங்கேதான். அங்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நானும் போயிருந்தேன். போதகர் ஜெபத்தை முடித்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சார் சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் கோயில் பக்கம் போகவில்லை.

ரோட்டில் எப்படி ஓட்டினார் என்று கேட்பீர்கள். நான் கவனித்தேன். பழையபடி திருப்பத்துக்குத் திருப்பம் நிறுத்தி, குனிந்து சுவிட்சைக் கண்ணால் பார்த்து அணைத்துவிட்டுப் போனார். வாயைத் திறக்கவில்லை. பல்பு வைத்துத் தருகிறேன் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். துக்க வீட்டில் பல்பைப் பற்றி என்ன பேச்சு என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, குழந்தையின் கல்லறையில் சிமெண்டுச் சிலுவை நட இரண்டு பேரும் அதே வண்டியில் போனார்கள். காரியம் முடிந்து மாலையில் கிளம்பினார்கள். ஊர்ப் பாதை வந்து பெங்களூர் ரோட்டில் சேருகிற இடத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். சார் வலது விளக்கைப் போட்டுத் திரும்பினார். அன்றைக்குக் குனிந்து சுவிட்சைப் பார்க்கவில்லை, அணைக்கவில்லை. விளக்கு மின்னிக்கொண்டே வந்தது. இரண்டு மைல், நாலு மைல், மாதனூர் வரைக்கும்.

மாதனூரில் குடியாத்தம் ரோடு வலது பக்கம் பிரியும். பின்னால் ஆம்பூருக்குத் தோல் பதனிடுகிற ஆவாரம் பட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஓட்டியவர் செங்கல்வராயன் என்று ஒரு வயசானவர். வலது விளக்கு மின்னுவதைப் பார்த்து, இந்த வண்டி குடியாத்தம் ரோட்டில் திரும்பப் போகிறது என்று நினைத்து, ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு இடது பக்கமாகத் தாண்டப் பார்த்தார். ஹாரன் கேட்ட சார், பின்னால் பெரிய வண்டி வருகிறது, வழி விடுவோம் என்று இடது பக்கமே ஒதுங்கினார். இரண்டு பேருமே ஒழுங்காகத்தான் ஓட்டினார்கள்.

சாருக்குக் கால் முறிந்தது. சிஸ்டருக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வண்டியைச் சோதிக்க வேலூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார், விளக்கு வைத்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். செங்கல்வராயன் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். யார் போனாலும் வந்தாலும் ஒன்றையே சொன்னார். "லைட்டு போட்டாரு சாமி. அதப் பாத்துதான் வந்தேன். வண்டி பள்ளத்துல கெடக்குது, அந்தம்மா கெடக்கறாங்க, அந்த லைட்டு மட்டும் மின்னிக்கினே இருந்துச்சு சாமி."

பி.எஸ்.ஏ. வண்டியைப் பின்கட்டில் சாத்தி வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்து விளக்கு அணைந்துவிட்டது. சுவிட்சு மட்டும் வலது பக்கமே தள்ளி நின்றது. சுற்றிலும் ஆள் இல்லை. நான் அதை நடுவில் தள்ளிவிட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் சாருக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சம்சாரத்தைப் பறிகொடுத்த மனிதரை அதற்குமேல் குற்றவாளி ஆக்குவார்களே என்று நினைத்தேன். எனக்காகவும்தான் செய்தேன். விளக்கே எரியவில்லை என்றால் விளக்கு வைத்தவனை யார் கேட்கப் போகிறார்கள்? வாசலில் உட்கார்ந்து அழுகிற அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தள்ளினேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சுவிட்சு நடுவில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த சார், அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "வலது பக்கத்து லைட்டு எரிஞ்சிக்கினேதான் வந்துச்சு சார். நான் அணைக்கல. லாரிக்காரர் மேல தப்பே இல்ல. அவர ஊட்டுக்கு அனுப்பிடுங்க."

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. ஊரில் ஜாஸ்தி என்று சொல்கிற வாய்தான். அவர் காகிதத்தில் வேறு ஏதோ எழுதிக்கொண்டு போனார். செங்கல்வராயனை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். "சார், சுவிட்சு வலது பக்கம்தான் இருந்துச்சு. நான்தான் நடுவுல தள்ளிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயாவது அணைச்சியே, தனகோடி" என்றார்.

பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளுக்கு லைட்டு எரியறது தெரியும்ப்பா. ரோட்டுல சேந்ததும் முதுகுல விரல வெச்சா. ரெண்டு தட்டு தட்டுவாளே, அதுக்குத்தான் வெச்சா. தட்டல. அப்படியே எடுத்துட்டா."

"ஏன் சார்?"

"காலைல கிளம்பறப்ப நான்தான் சொன்னேன். அந்த வார்த்தைய இனிமே என் காதுல போடாதே, கொழந்தை சொல்றாப்பலயே கேக்குது, என்னால தாங்க முடியலன்னேன். கல்லறைகிட்ட ஜெபம் பண்ணாளே, அங்ககூட ஆமென் சொல்லாமதான் எழுந்தா. எனக்காகத்தான். தட்டினா அந்த ஞாபகம் வந்துடும்னு தட்டவும் இல்ல. நாலு மைல் அந்த லைட்ட பாத்துக்கினே வந்துருப்பா, தனகோடி. நான் எப்ப கொஞ்சம் தேறுவேன், எப்ப சொல்லலாம்னு பாத்துக்கினே வந்துருப்பா."

நான் அழுதேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவர் அழவில்லை. இடது கையைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டியைத் திரும்பக் கொடுத்தபோது விற்றுவிடச் சொன்னார். விற்பதற்குமுன் நாலு விளக்கையும் நானே கழற்றினேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி விளக்கு வைக்கச் சொல்லி இரண்டு மூன்று பேர் வந்தார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டேன். சார் கால் சரியாகி, தாங்கித் தாங்கி நடந்து வேலைக்குப் போனார். வெளியூர்த் தொழிற்சாலைகளுக்கு பஸ்ஸில் போனார். தோலைத் தடவுகிற விரல் மட்டும் பழையபடி தப்பாமல் சொன்னது. கோயிலுக்கு மட்டும் நாலு வருஷம் போகவே இல்லை.

அறுபத்தைந்தில் சிஸ்டருடைய கடைசித் தங்கை கிரேஸிக்குக் கல்யாணம் வந்தது. அக்கா இடத்தில் நின்று நீங்கள்தான் வரவேண்டும் என்று அந்தப் பெண் வந்து அழுததால் சார் ஒத்துக்கொண்டார். 'தனியா உள்ள போக முடியாது, நீ கூட வா' என்று என்னையும் கூப்பிட்டார். கடைசி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவருக்கு இடது பக்கத்தில் நான்.

போதகர் ஜெபம் செய்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சாருடைய வாய் திறக்கவில்லை. எதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். முன் பெஞ்சின் விளிம்பை இடது கையால் பிடித்திருந்தார். கட்டைவிரல் அந்த மரத்தில் இடது பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளி நின்றது. தற்செயல் என்று நினைத்தேன். பாட்டு முடிந்து மறுபடி ஜெபம். மறுபடி எல்லாரும் ஆமென். மறுபடி அந்த விரல் அதே அளவு தள்ளி நின்றது. மோதிரம் மாற்றும்போதும் ஆசீர்வாதத்தின்போதும் அப்படியே. வலது விளக்கை அணைக்கிற தள்ளு அது. அந்த சுவிட்சை வைத்தவன் நான். எனக்குத் தெரியாதா?

கடைசி ஆமென்னுக்குக் கோயில் முழுக்கக் குரல் எழுந்தது. எங்கோ முன்னால் ஒரு குழந்தை எல்லாரையும்விடச் சத்தமாக, எல்லாரும் முடித்த பிறகு தனியாக, 'மேன்' என்றது. சாருடைய விரல் தள்ளியது. நிற்கவில்லை. மறுபடி தள்ளியது, மறுபடி, நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தி, தள்ளிக்கொண்டே இருந்தது. ஜனங்கள் எழுந்து வெளியே போக ஆரம்பித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

நான் அந்தக் கையின்மேல் என் கையை வைத்துப் பிடித்தேன். கிரீஸ் படிந்த கை, அவர் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் கறை பட்டது.

"அணைஞ்சிடுச்சு சார்" என்றேன்.

"பாத்தியா?"

"பாத்தேன் சார். அணைஞ்சிடுச்சு."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலு வருஷத்து அழுகையை அங்கேயே உட்கார்ந்து அழுதார். என் கைக்குள் அவருடைய கட்டைவிரல் இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருந்தது.